செதில்

வடக்கே போ என்றால் வடமேற்கே போகிறது.
நில் என்றால் நடுங்குகிறது.
‘சேமி’ பொத்தானின் வாசல்வரை வந்து
செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிடுகிறது.

ஃபரோ தீவுகள். கிளாக்ஸ்விக் துறைமுகத்து எடை அலுவலகம்.
காலை ஐந்து இருபது.
தராசில் நானூற்றுப் பன்னிரண்டு கிலோ காட் மீன்,
ரசீது கேட்டு
நனைந்த கையுறையால் கண்ணாடியைத் தட்டுகிறார் ரோக்குர்.

சுன்வாவின் மொழியில் இது மூஸ், வெறும் எலி.
நாம்தான் சுட்டி என்கிறோம்,
காட்டித் தருவதற்கும் சொன்ன பேச்சு கேளாததற்கும்
ஒரே சொல்.

கம்பியைப் பிடுங்கிச் செருகினாள்.
வேறு துளையில் செருகினாள்.
கணினியை அணைத்துப் போட்டு, அது விழிக்கும்வரை
காபியை ஊதிக்கொண்டிருந்தாள்.
மேசையின் மினுக்கமோ என்று
போன வருடத்து அலை அட்டவணையைக் கவிழ்த்து
அதன்மேல் ஓட்டிப் பார்த்தாள்.
கூடம் கோணலில்லை, ஆடுகிறவளுக்கும் ஆடத் தெரியும்.
சலங்கையில்தான் ஏதோ.

அமைப்புகளைத் திறந்தால்
வேகக் கோட்டின் குமிழ் இடது மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது.
இரட்டைச் சொடுக்குக்கு ஆமையின் இடைவெளி.
“ஹெய்னி!” என்றாள், இரவுப் பணி முடிந்து
அவன் தூங்கப் போய்விட்டான் என்று தெரிந்தே,
கூடவே இரண்டு கெட்ட வார்த்தை.
எல்லாவற்றையும் வலக்கோடிக்குத் தள்ளினாள்.
நடுக்கம் இன்னும் வேகமாக நடுங்கியது.

கடைசியில்தான் மல்லாத்தினாள்.
சிவப்பு வெளிச்சத்தின் குழியில், குறுக்கே,
ஒரு செதில்.
வயதை வளையம் வளையமாய் எழுதிவைத்த
கண்ணாடித் துணுக்கு.
மருந்துப் பெட்டி இடுக்கியால் எடுத்தாள்.
அம்பு நேராய்ப் போய் நின்றது.
ரோக்குர் நன்றி சொல்லவில்லை,
படகில் பனிக்கட்டி உருகுகிறது.

ஆறரைக்கு ஞாபகம் வந்தது
ஹெய்னியின் வலக்கை.
இழுபொறிக் கயிறு கொண்டுபோன இரண்டு விரல்கள்.

குமிழ் சரியாக எங்கே இருந்தது?
குறித்து வைக்கவில்லை.

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளே மடக்கி
மோதிர விரலால் சொடுக்கினாள்.
அம்பு திரையைத் தாண்டி ஓடியது.
குறைத்தாள். மறுபடி ஓடியது.
இரண்டாவது சொடுக்குக்குள் கதவு சாத்திக்கொண்டது.
இந்த விரல் இத்தனை சோம்பேறியா என்று சிரிக்கப்போனவள்
சிரிக்கவில்லை.
இன்னும் கொஞ்சம் இடது.
இன்னும்.
ஏழாவது தடவை கோப்பு திறந்தது.

அங்கேயே விட்டுவிட்டாள்.
மதியம்வரை தன் ஐந்து விரல்களோடு
ஊர்ந்து ஊர்ந்து கணக்கெழுதினாள்.
கிளம்பும்போது
செதிலை அலை அட்டவணையின் மூலையில் டேப் போட்டு ஒட்டி
கீழே எழுதினாள்:
‘உன் இரவில் வந்தது. நீயே வைத்துக்கொள்.’