குதிரையைப் பார்க்கப் போதல்

உலான்பாத்தரில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
மகனின் தலைமாட்டில் நியாம்பூ.
ஈயக் கவசத்துக்குக் கீழே
மேய்ச்சல்வெளியின் சாணம் காய்ந்த பூட்ஸ்.

இத்கெலுக்கு ஆறு வயது.
மருந்து ஏறி நிறைந்துவிட்டது பை,
திரையில் ஒரு வெள்ளைப் பேரிக்காய்.
"இப்போது போகலாம், கண்ணா" என்கிறேன்.
போகவில்லை.
யாரால்தான் முடியும்
மல்லாந்து படுத்தபடி,
மூன்று அந்நியர் காத்திருக்க?

தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன்.
டாக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.
குழாய் மட்டும் போனது.

எங்கள் பேச்சில் இதற்கு
குதிரையைப் பார்க்கப் போதல் என்று பெயர்.
கூரைக்குக் கீழே சீட்டியடிக்கக் கூடாது என்பதும்
எங்கள் பேச்சுதான்.
நியாம்பூ கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
உதட்டைக் குவித்தார்.
தூரம் ஓடிவந்த குதிரை
காலகட்டி நின்று சிறுநீர் விட
மேய்ப்பர்கள் ஊதும் அதே தாழ்ந்த சீட்டி.

மிதியை அழுத்தினேன்.
வெள்ளை இறங்கியது,
குடமாய்ப் புடைத்தது,
சட்டென்று நூலானது.

அங்கேதான்.
பிறந்த நாள் முதல் பாதி சாத்திய கதவு,
வெங்காயத் தோல் கனம்கூட இருக்காது.
அத்தனை காய்ச்சலும்,
நனைந்த படுக்கையும்,
அதற்கு விழுந்த அடியும்.

"சோம்பல் என்று நினைத்தேன்" என்றார் நியாம்பூ,
பூட்ஸிடம்.

"என் குதிரை என்ன நிறம்?" இத்கெல் கேட்டான்.

"வெள்ளை" என்றேன்.
"காலில் ஒரு கயிறு சுற்றியிருக்கிறது.
வியாழக்கிழமை அறுத்துவிடுவார்கள்."