படத்தின் இடது ஓரம்

தொண்டியில், ஐஸ் கடைக்கு மேல்மாடி.
ஒரே கணினி, இரண்டு மாத இதழ்.
ஒன்று பங்குக் கோயிலுக்கு, ஒன்று ஜமாஅத்துக்கு.
எழுத்துரு ஒன்றுதான்,
அட்டை நிறம் மட்டும் வேறு.

போன மாதம் தூரதேசத்தில் ஒரு சந்தை வெடித்தது.
அருள்தந்தை ஞானப்பிரியன் கொண்டுவந்த தாளில்
பதினேழு இரத்தசாட்சிகள்.
சதக்கு நெய்னா வாட்ஸ்அப்பில் அனுப்பியதில்
இருபத்துமூன்று ஷஹீதுகள்.
அந்தத் தாளில் இவர்கள் ‘மற்றும் சிலர்’,
இந்தத் தாளில் அவர்கள்.
எழுத்துக் கோப்பவள் நான், கணக்கு என் வேலையில்லை.
இருந்தும் கரண்ட் பில்லின் பின்னால் கூட்டிப் பார்த்தேன்.

இருவரும் தந்த படம்கூட ஒன்றுதான்:
முக்காடிட்ட ஒருத்தி, வாயைப் பொத்தியபடி.
முன்னதற்கு மணிக்கூண்டோடு வெட்டினேன்,
பின்னதற்கு மணிக்கூண்டை விட்டு.
இடது ஓரத்தை
இரண்டு பேருமே வேண்டாம் என்றார்கள்.
கசங்கிய தகரம், ஏதோ வண்டியின் பின்புறம்.

அவசரத்தில் படக்குறிப்புகள் இடம் மாறிவிட்டன.
அச்சாகி, மடித்து, தபாலில் போன பிறகுதான் பார்த்தேன்.
ஒரு வாரம், போன் அடித்தாலே வயிற்றைப் பிசைந்தது.
யாரும் கேட்கவில்லை.
இரண்டு குறிப்பும் ‘நம்’ என்றுதான் தொடங்கின.

பிறகு நம்புதாளையிலிருந்து ராவியத் வந்தாள்.
கையில் இரண்டு இதழும்.
ஒன்றில் மீன் வாடை.
புருஷன் அந்த ஊரில் தண்ணி லாரி ஓட்டுகிறானாம்,
வெடித்த நாளிலிருந்து போன் எடுக்கவில்லையாம்.
“ரெண்டுலயும் தேடிட்டேன், டிரைவர்னு ஒரு வார்த்தை இல்ல.
இந்தப் படம் முழுசா இருக்கா?”

திறந்து காட்டினேன்.
மணிக்கூண்டை அவள் பார்க்கவில்லை.
அழுகிறவளையும் பார்க்கவில்லை.
இடது ஓரத்தில் விரல் வைத்தாள்.
“பெருசாக்குங்க.”
இன்னும்.
இன்னும்.
நீலத் தகரம். பாதி எண்.
“வலது பக்க வெளக்கு ஒடஞ்சிருக்கா பாருங்க.
நோம்புக்கு முன்னாடி எங்கயோ இடிச்சுட்டேன்னு சொன்னாரு.”

பெரிதாக்கப் பெரிதாக்க
விளக்கு சதுரம் சதுரமாய்ச் சிதறியது.
சிவப்பாகவும் இருந்தது, கறுப்பாகவும் இருந்தது.
உடைந்ததா, நிழலா,
அவளும் சொல்லவில்லை, நானும்.

பதினோரு மணிக்குக் கரண்ட் போனது.
யுபிஎஸ் கத்தத் தொடங்கியது.
கீழே விசைப்படகுக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.
அஞ்சு நிமிஷம்தான் தாங்கும் என்றேன்.
“அணைச்சிராதீங்க,” என்றாள்,
திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.