லைன் கிளியர்

வாங்க வந்தவன் குனிந்து குனிந்து தேடினான்.
கிக்கர் எங்கே என்று கேட்கக் கூச்சம்.
கியர் லீவரை மிதித்தான், அது கியராகவே விழுந்தது.
ஜாவாவில் இரண்டுக்கும் ஒரே கம்பிதான்:
உள்ளே தள்ளிப் பின்பக்கம் திருப்பினால்
கியர் கிக்கராகிவிடும்.
சொல்லியிருக்கலாம்.
கோட்டுப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு
அக்டோபரைப் பார்த்து நின்றேன்.

"யோசித்துச் சொல்கிறேன்."
ஓட்டோகர் என்ற பெயரும் எண்ணும் எழுதிய சீட்டை
டாங்கின் மேல் வைத்துவிட்டுப் போனான்.
நல்லவன்தான். பேரம்கூடப் பேசவில்லை.

நடந்தது என்று சொல்ல ஒன்றுமே நடக்கவில்லை.
செப்டம்பரில் ஒரு செவ்வாய்.
சசாவா ஆற்றுப் பாலம் தாண்டிய நாற்சந்தியில்
நிற்கச் சொல்லும் பலகை,
எண்கோணம், சிவப்பு, என்னைவிட உயரம்.
பார்த்தும் மீறியிருந்தால்
திமிர் என்று என்னையே திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.
நான் அதைப் பார்க்கவே இல்லை.

முப்பத்துநாலு வருஷம் ரயிலுக்கு சிக்னல் போட்டவள்.
பனிமூட்டத்தில் சரக்கு வண்டியின்
கடைசிப் பெட்டி விளக்கைக் கண்ணால் கண்டு
பதிவேட்டில் எழுதிய பிறகே
அடுத்த வண்டிக்கு வழி விட்டவள்.

டிராக்டர்காரர் போட்ட பிரேக்கில்
உருளைக்கிழங்கு கொட்டியது, அரை மூட்டை இருக்கும்.
இறங்கி வந்தார். வசவுக்குக் காத்திருந்தேன்.
அவர் பொறுக்க ஆரம்பித்தார். நானும் பொறுக்கினேன்,
ஹெல்மெட்டைக் கூடையாக்கி.
கடைசிக் கிழங்கைத் துடைத்துக்கொண்டே
"எழுபத்தெட்டு மாடலா?" என்றார்.
"எழுபத்தாறு."
தலையாட்டிவிட்டு ஏறிப் போய்விட்டார்.
இன்னமும் ஹெல்மெட்டைப் போட்டால்
மண் வாசம்.

மகள் நிறுத்து என்று ஒருநாளும் சொன்னதில்லை.
ப்ர்னோவிலிருந்து போன வருஷம்
இருட்டில் ஒளிரும் மஞ்சள் சட்டை அனுப்பினாள்.
இந்த வருஷம் இன்னொன்று.
கூட ஓட்டிய வ்ராதிஸ்லாவ்
வண்டியை விற்றுத் தேனீப் பெட்டிகள் வாங்கினான்.
"எதையும் இழந்த மாதிரியே இல்லை" என்கிறான்,
நான் கேட்காதபோதெல்லாம்.

வேகத்துக்காக இல்லை. எண்பதைத் தாண்டினால்
அதுவும் நடுங்கும், நானும் நடுங்குவேன்.
இந்த மேட்டுநிலத்தில்
சாலை பள்ளத்தில் இறங்கும்போது
முழங்காலில் வந்து மோதும் ஒரு குளிர்,
ஏறும்போது கழுத்துக்குள் நுழையும்
வைக்கோல் சூடு,
மறுபடி குளிர், இந்த முறை ஈர மரத்தின் வாசனையோடு.
காரில் போகிறவர்களுக்கு
அது பன்னிரண்டு கிலோமீட்டர்.

மத்தியானம் நானே மிதித்தேன்.
நாலாவது உதையில் பிடித்தது.
நீலப்புகையில் பூனை வெளியேறியது.

சாலையோர ஆப்பிள் மரங்கள், யாருக்கும் சொந்தமில்லாதவை,
பழத்தைத் தார்மேலேயே கொட்டியிருந்தன.
கார்ச் சக்கரங்கள் அரைத்த கூழ்,
அதன்மேல் குளவிகள்.
எண்ணெயைவிட வழுக்கும் இந்தச் சேறு.
இரண்டாவது கியரில்,
வயதான குதிரையைச் சந்தைக்கு நடத்துவதுபோல்
(குதிரையா, நடத்துபவளா, யார் வயதானவர் என்று தெரியாமல்)
பலகை வரைக்கும் போனேன்.

இன்று அது இருந்தது.
கால் ஊன்றினேன். இடது. வலது. மறுபடி இடது.
எல்லாப் பக்கமும் காலி.
"லைன் கிளியர்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.
அதை நமக்கு நாமே சொல்லிக்கொள்ள முடியாது.
அடுத்த ஸ்டேஷனில் ஒருவர் உட்கார்ந்து
சொல்ல வேண்டும்; அதுதான் விதி.
முப்பத்துநாலு வருஷம் எதிர்முனையில்
எப்போதும் யாரோ இருந்தார்கள்.

எஞ்சினை அணைத்தேன்.
சீட்டை எடுத்து எண்ணை அழுத்தினேன்.
"அந்தக் கம்பியை உள்ளே தள்ளுங்கள்,
பின்பக்கம் திருப்புங்கள். அதுதான் கிக்கர்."
அவன் சிரித்தான். "எப்போது வரட்டும்?"
"ஆப்பிள் விழுந்து முடியட்டும்."
"இன்னும் எவ்வளவு இருக்கிறது?"

அண்ணாந்து பார்த்தேன்.
எண்ணத் தொடங்கினேன்,
அவசரம் இல்லாமல்.