இரண்டு றாத்தல் கழிவு

நாற்பத்துநாலா, நாற்பத்தைந்தா என்று
டெனிசன் துரை இரண்டு மழைக்காலம் யோசித்தார்.
சிறியது வேண்டாம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.
முப்பத்தெட்டுக் குண்டை உதறிவிட்டு
ஒரு தனியன் பன்றி
ஆறாம் நம்பர் மலையின் கவ்வாத்துச் செடிகளுக்குள்
நடந்தே போனதைப் பார்த்தவர்.

"வேகம் எல்லாம் படம் பார்க்கிறவனுக்கு, பாக்கியநாதர்.
எனக்குப் பாரம் வேண்டும்.
அகன்ற வாய், அவசரமில்லாத குண்டு.
எலும்பில் பட்டாலும் வழி மாறக்கூடாது."

நான் டீமேக்கர். துவக்குப் பிடித்தவனில்லை.
என்னைக் கூப்பிட்டது என் தராசுக்காக.
தேயிலை ருசி பார்க்கிற தராசு:
ஒரு தட்டில் ஆறு பென்ஸ் காசு,
மறு தட்டில் காசின் எடைக்குத் தூள்.
வெடிமருந்தும் தூள்தான் என்றார் துரை.
ஞாயிறுகளில் ருசியறையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்.
அப்புத்தளைக் கணவாய்க் காற்றுக்குச்
சாளர இடுக்குகளில் சாக்குத் துண்டு செருகி,
சுருட்டை அணைத்து,
மூச்சையும் கொஞ்சம் பிடித்து.

ஒரு றாத்தலில் ஏழாயிரம் கிரெய்ன்.
அதில் ஒன்று கூடினாலும்
தட்டைக் கவிழ்த்து மறுபடி நிறுக்கச் சொல்வார்.
ஒன்றில் பாதி கூடினாலும்.
"அளவு பிசகினால் கை போகும், மனிசா."

ஈயம் தேயிலைப் பெட்டியில் கிடைத்தது.
வாசம் போகாமல் உள்ளே சுற்றிய பழைய தகடு.
உருகும்போது அதிலிருந்து
பிரோக்கன் வாசம் வந்தது, சத்தியமாக.
வெறும் ஈயம் மெத்து, குழலில் அப்பிக்கொள்ளும் என்று
பற்றாசுக் கம்பியை நறுக்கிப் போட்டோம்.
அச்சிலிருந்து விழுந்த குண்டுகள்
பலாக்கொட்டை போல ஈரத்துணியில் கிடந்தன.

கடைசியில் நாற்பத்துநாலு.
காரணம் பித்தளை.
நாற்பத்தைந்தின் கோது மெல்லிசு,
இது தடிப்பு, பத்துத் தரம் நிரப்பலாம்.
கண்டியிலிருந்து பெர்மிட் வர ஐந்து மாதம்.
அதுவரை பன்றி காத்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

மாசிப் பனியில் ஒரு விடியல்.
இரண்டு வெடி.
முதலாவதே போதும், மற்றது மரியாதைக்கு என்றார்.
மறுபக்கத்துத் துளையில் விரல் விட்டுப் பார்த்தார்.
பிறகு அவருக்கு எடை தெரிய வேண்டியிருந்தது.

நாலு பேர் காவுதடியில் கட்டி
மடுவத்துக்குத் தூக்கி வந்தார்கள்.
பத்து மணிக் கொழுந்து நிறுக்கிற நேரம்.
பெண்கள் கூடையோடு ஒதுங்கி நிற்க,
கொழுந்து தொங்குகிற கொக்கியில் பன்றி தொங்கியது.
முள் ஓடி, ஆடி, நின்றது.
கணக்கப்பிள்ளைக்குக் காய்ச்சல், அன்று பேனா என் கையில்.
இருநூற்றுப் பன்னிரண்டு றாத்தல்
என்று உரக்க வாசித்தேன்.

வரிசையில் முதலாவதாக நின்றவள் சிவனாயி.
தலைக்கயிற்றைக்கூட இறக்கவில்லை.
"கழிவு இல்லீங்களா ஐயா?"

யாரோ இருமினார்கள்.

"கூடைக்கு ஒரு றாத்தல் புடிப்பீங்க.
ஈரத்துக்கு ஒரு றாத்தல்.
பத்து நாளா மழை இல்ல,
அப்பவும் ஈரத்துக்குப் புடிச்சீங்க.
இதுல சொட்டுறது என்னங்க?"

சிமெந்துத் தரையில் அது சொட்டிக்கொண்டிருந்தது.
துரை ரிவோல்வரின் உருளையைத் திறந்து
வெற்றுக் கோது இரண்டையும் பைக்குள் போட்டார்.
தமிழ் நன்றாக விளங்கும் அவருக்கு.
அன்று விளங்கவில்லை.

இரண்டு றாத்தல்.
பதினாலாயிரம் கிரெய்ன்.
ஒரு கூடைக்கு, ஒரு நிறுவைக்கு,
ஒரு நாளைக்கு மூன்று நிறுவை,
மேல் டிவிசனில் மட்டும் நூற்றுப்பத்துப் பெண்கள்.
பெருக்கிப் பார்க்கப் போய்
ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

பன்றியை இறக்கினார்கள். கொக்கியைக் கழுவினார்கள்.
சிவனாயியின் கூடை ஏறியது.
இருபத்தேழு என்றது முள்.
புத்தகத்தில் நான் எழுதியது இருபத்தைந்து.

அடுத்த ஞாயிறும் ருசியறைக்குப் போனேன்.
துரை வரமுன்
காசை எடுத்துத் துடைத்தேன்.
வெறும் தட்டுகள் இரண்டும்
ஒரு மயிரிழைகூடச் சாயாமல் நின்றன.