பதினேழு வரை

ஈரமானி என் மேஜைமேல் இருக்கிறது,
சோற்று வாளி அளவுக்கு.
ஒரு பிடி நெல்லைக் கொட்டி மூடியைத் திருகினால்
மின்சாரம் உள்ளே நடந்து பார்க்கும்.
வழி சுலபமென்றால் ஈரம்.
முட்டிக்கொண்டால் காய்ச்சல்.
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்
எனக்குச் சிரிப்பாக இருந்தது,
'காய்ச்சல் போதாது' என்று
நல்லா இருக்கிற மனிதர்களைத் திருப்பி அனுப்புவது.
பிறகு சிரிப்பு நின்றுபோனது.

பதினேழு வரை வாங்கலாம்.
பதினேழு புள்ளி ஒன்று என்றால்
லோடு ஆட்டோ வந்த வழியே போகும்,
போக்குவரத்து இரண்டுக்கும் வாடகை.

புரட்டாசி நான்காம் தேதி, தாழக்குடி.
கன்னிப்பூ நெல் பாதி வயலில், பாதி ரோட்டில்.
சுயம்புகனி அக்கா நாற்பத்திரண்டு மூட்டையோடு வந்தாள்,
ஒரு ஏக்கர் பாட்டத்தில் விளைந்த மொத்தமும்.
இருபது புள்ளி நான்கு.
என்னிடம் அவள் ஒன்றும் பேசவில்லை,
மீட்டரிடம்தான் சொன்னாள்:
"நேத்து கடிச்சுப் பாத்தேன்,
டக்குன்னு ஒடைஞ்சுது, கேட்டியா."

நான் புத்தளத்துக்காரி.
அளத்தில் உப்பு வாரும் வீடு.
ஈரம் எங்களுக்கும் பகைதான்.
ஆட்டோக்காரன் காதில் விழாமல் சொன்னேன்:
காய்ந்த கண்ணாடிப் போத்தலில்
ஒரு கை நெல்லு, ஒரு கரண்டி பொடியுப்பு.
குலுக்கி வை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்.
உப்பு சுவரில் அப்பிக்கிடந்தால் வண்டி பிடிக்காதே.

மூன்று நாள், நால்வழிச் சாலையின்
திறக்காத ஓரத்தில் அவள் நெல் கிடந்தது.
ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று
காற்றாலைகளைச் சுற்றிவிட்டு
மிச்சத்தை அவளுக்குக் கொடுத்தது.
காலால் கோடு கோடாகக் கிளறினாள்.
தேரூர்க் குளத்துக் கொக்குகளை விரட்டினாள்,
ராத்திரி பைக்குகளையும்.

மறுபடி வந்தாள்.
சேலையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டேன்,
என் வியர்வை அவள் கணக்கில் ஏறிவிடக் கூடாது.
வாய்க்கட்டுக்குக் கீழே ஒரு பிடி: பதினாறு எட்டு.
மூட்டையின் நடுவில், கதகதப்பான இடத்தில்: பதினேழு மூன்று.
அடியில்: பதினாறு ஒன்பது.
கூட்டி மூன்றால் வகுத்தேன்.
இரண்டு தடவை வகுத்தேன்.
பதினேழு. சுத்தமாகப் பதினேழு.

தராசில் அறுபத்தொன்பது கிலோ குறைந்திருந்தது.
அவள் தராசையே பார்த்தாள்.
"எங்கெ போச்சு?"
வெயில் எடுத்தது என்றேன்.
வெயில் ரசீது போடாது.
கையெழுத்துப் போட்டுவிட்டு
காலி போத்தலை என் மேஜையில் வைத்தாள்,
கழுவித்தான் வைத்திருந்தாள்.

லாரி நாளை வரும் என்றார்கள்.
நாளைக்கும் நாளை வரும் என்றார்கள்.
மூன்றாம் நாள் சாயங்காலம்
தாடகை மலை தெரியாமல் போனது.
தார்ப்பாய் இரண்டுதான், மூட்டை அறுநூறு.
வாட்ச்மேன் தேவசுந்தரமும் நானும்
எதை மூட, எதை விட என்று
மழையில் நின்று வாக்குவாதம் செய்தோம்.

விடிந்ததும் யாரும் வருமுன்
அவள் அடுக்கிலிருந்து ஒரு பிடி எடுத்தேன்.
எடுத்திருக்க வேண்டியதில்லை.
மூடியைத் திருகினேன்.
பத்தொன்பது புள்ளி ஆறு.
பதிவேட்டில் பதினேழு, நீல மையில்,
என் கையெழுத்தில், ஒரு சொட்டு நனையாமல்.
இரண்டும் ஒரே நெல்.

பேட்டரியைக் கழற்றி வைத்தேன்.

ஒன்பதரை பஸ்ஸிலிருந்து
சுயம்புகனி அக்கா தலையை நீட்டினாள்,
கையில் பாங்குப் புத்தகம்:
"மக்ளே, என் நெல்லு கொள்ளாமா?"

தார்ப்பாயின் குழியில்
ஒரு குடம் தண்ணீர் தேங்கியிருந்தது,
அதில் ஒரு கொக்கு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது.

கொள்ளாம் அக்கா, என்றேன்.
பஸ் நகர்ந்துவிட்டது.
காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.