பன்னிரண்டு புள்ளி

ஆடி வெள்ளியன்று மோட்டார் எரிந்தது.
அரைபட்டுக்கொண்டிருந்த உளுந்து
பாதியில் நின்று
கல்லைப் பிடித்தபடி காய்ந்தது.
வாசலில் பதினோரு தூக்குவாளி.

போனில் ஒரு ஆப் இருந்தது.
ஆதார், பான், என் முகம்.
கண்ணைச் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினேன்.
இருபதாயிரம். ஆறு தவணை.
நாலு நிமிடத்தில் வந்து விழுந்த துட்டைப் பார்த்து
பக்கத்துக் கடை செங்கேணி சொன்னாள்:
"பொண்ணு பாக்க வர்றவனே
இத்தவிட நாலு கேள்வி கூட கேப்பான்."

ஆவணியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று.
ஐப்பசியில் மூன்று முகூர்த்தம்.
தண்டையார்பேட்டை மண்டபத்துக்கு
நாளைக்கு அறுபது கிலோ மாவு.
தோள்பட்டை கழன்றது, துட்டு சேர்ந்தது.
மிச்சம் நாலு தவணையையும்
ஒரே மூச்சில் கட்டித் தொலைத்தேன்.
அன்று ராத்திரி வவ்வால் மீன் வறுத்தேன்,
காசிமேட்டில் பேரம் பேசாமல் வாங்கியது.

பெரிய கிரைண்டருக்கு லோன் கேட்கலாமென்று
அடுத்த மாதம் பார்த்தால்
எழுநூற்று நாற்பத்தொன்று
எழுநூற்று இருபத்தொன்பதாகக் கிடக்கிறது.

வங்கியில் ஜாபஸ் என்றொரு பையன்.
கழுத்தில் அட்டை, கண்ணில் தூக்கம்.
"தப்பு ஒண்ணும் பண்ணலக்கா.
கடன் ஓடினா மாசாமாசம் ஒரு குறி விழும்.
நீங்க ரெண்டு குறி போட்டதும் மூடிட்டீங்க.
இப்ப ஓடுற கணக்கு உங்ககிட்ட ஏதும் இல்ல.
கொஞ்ச நாள்ல ஏறிக்கும்."
"வட்டி மிச்சமாச்சே?"
"அது உங்களுக்கு மிச்சம். இது வேற கணக்கு."
பிறகு திரையில் விரலை வைத்து,
"குளோஸ்டுன்னு இருக்கு பாருங்க, நல்லது.
செட்டில்டுன்னு இருந்தாத்தான் வம்பு.
அது குறைச்சுக் கட்டினவங்களுக்கு."

எனக்குக் காதர் ஒலி ஞாபகம் வந்தார்.
தண்டல்காரர். நூறு நாள், நூறு கட்டம்,
சாயங்காலம் ஐந்தடித்தால் அவர் மொபெட் சத்தம்.
ஒருமுறை அறுபத்திரண்டாம் நாளில்
பாக்கி முப்பத்தெட்டு கட்டத்துக்கும்
மொத்தமாக எண்ணி வைத்தேன்.
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இன்னாம்மா, என் மேல எதுனா கோவமா?"
மறுநாளும் ஐந்து மணிக்கு வந்தார்.
நிற்க ஒரு காரணம் வேண்டுமே,
அரை கிலோ மாவு வாங்கிப் போனார்.

இந்த ஆப்புக்கும் அதே வருத்தம்தான் போல.
ஆனால் இது மாவு வாங்காது.

திரும்புகையில் கொருக்குப்பேட்டை கேட் மூடிவிட்டது.
சரக்கு ரயில். பெட்டி எண்ணினேன்,
முப்பதுக்கு மேல் விட்டுவிட்டேன்.
புளிக்குமுன் எடுத்த மாவு இட்லிக்கு ஆகாது,
அது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
பொறுத்திருந்தால் பன்னிரண்டும் என்னிடமே இருந்திருக்கும்.
ஆனால் கடனை மூடி வைத்துவிட்டுப் படுத்துப் பார்,
அது புளிப்பதோடு நிற்காது,
ராத்திரியில் பெயர் சொல்லிக் கூப்பிடும்.

கையில் போன் அதிர்ந்தது.
'உங்களுக்காக மட்டும், நாற்பதாயிரம்.'
பன்னிரண்டு குறைத்ததும் இவர்கள்தானா,
இல்லை இவர்களுக்கு அது தெரியவே தெரியாதா?

கடைசிப் பெட்டி போனது. கேட் ஏறியது.
பின்னால் ஷேர் ஆட்டோ ஹார்ன்.
எழுநூற்று இருபத்தொன்பதோடு
தண்டவாளத்தைத் தாண்டினேன்.
ஆறு மணி மாவுக்கு
இந்நேரம் வாளி வரிசை கட்டியிருக்கும்.