நேரம் பிடிக்கிறவன்

பால்மாப் பேணிக்குள் நாற்பத்தைந்து துண்டு.
ரியூசன் கொப்பியின் கடைசித் தாள்களைக் கிழித்து
ஆளுக்கு ஐந்து சொல் எழுதிப் போட்டோம்.
ஒளிக்கத் தெரியாத செல்வநிதி மாமி
ஐந்தையும் உதட்டால் எழுத்துக்கூட்டியபடியே எழுதினா.

கொக்குவிலில் அன்றைக்கு ஏழு மணிக்கே கரண்ட் போயிற்று.
இன்வேட்டரில் ஒரு பல்பு, ஒரு ஃபான்.
ஃபானுக்குக் கீழே ஆர் இருக்கிறது என்பது முதற் சண்டை.
கட்சி பிரிக்கிறது அடுத்தது.
ஒற்றை, இரட்டை என்று சீட்டெடுத்ததில்
யசோதினி அக்காவும் விமலேந்திரன் அத்தானும்
ஒரே கட்சி.

அக்கா சீட்டை மடித்தா. திரும்ப விரித்தா.
நாலு, நாலாகவே இருந்தது.

அம்மாவின் முழங்கால் ஒப்பரேசனுக்கு வந்து நிற்கிறா என்று
ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.
அம்மா இப்போது சந்தைக்கு நடந்தே போய்வருகிறா.
மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில்
அத்தான் ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு வந்து
அந்த முழங்காலைச் சுகம் விசாரித்துவிட்டுப் போகிறார்.

எனக்கு வேலை, நேரம் பிடிக்கிறது.
ஒரு சீட்டுக்கு ஒரு நிமிசம்.

முதற் சுற்றில் சொல்லைச் சொல்லாமல் கதைக்கலாம்.
"வெளிக்கிட்டா நிக்காது, நிண்டா வெளிக்கிடாது!"
மாமி தொண்டை கிழியக் கத்த,
"எங்கட தண்ணி மோட்டர்" என்றான் ஆரூரன்.
மினிபஸ்.
"மஞ்சள், எண்ணெய், தொட்டா ஒட்டும்" என்றார் ஜெறோம் மாஸ்ரர்.
"பெரியப்பாவின்ர மோட்டச்சைக்கிள்!"
பனங்காய்ப் பணியாரத்துக்கு வந்து சேர
நாற்பத்தெட்டு வினாடி. அதன் பிறகு
பெரியப்பா கொஞ்சநேரம் விளையாடவில்லை.

இரண்டாம் சுற்றில் வாய் திறக்கக்கூடாது.

அக்காவின் முறை.
சீட்டைப் பார்த்தா, எங்களைப் பார்க்கவில்லை.
தலையை இடப்பக்கம் சரித்து
உள்ளங்கையால் காதை இரண்டு தரம் தட்டி
ஒற்றைக்காலில் ஒரு துள்ளல்.

"கசூரினா" என்றார் அத்தான்.

நாலு வினாடி.

வீடு வெடித்தது. "கள்ளம்! கள்ளம்!"
கடலில்லை, மணலில்லை, சவுக்கில்லை,
காதைத் தட்டினால் கசூரினாவோ!
"முதலே கதைச்சு வைச்சுக்கொண்டு வந்திருக்கினம்" என்றா மாமி.
"நேரம் பிடிக்கிறவன் சொல்லட்டும்.
ரெண்டு பேரும் கதைச்சவையோ, இல்லையோ?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
அத்தான் காற்சட்டையில் இல்லாத மண்ணைத் தட்டினார்.

"இல்லை" என்றேன். "கதைக்கேல்லை."
"சத்தியமா?"
"சத்தியமா."

புள்ளியைக் கொடுத்தார்கள்.
காரைநகரில், நான் போகாத ஒரு நாளில்,
ஆரின் காதுக்குள் தண்ணி போனது என்று
எனக்கும் தெரியாது.

அடுத்தது அத்தான்.
முகம் சுளித்து, ஒரு கண்ணை மூடி
நாக்கை அண்ணத்தில் தட்டினார். ஊறுகாய்.
எதிர்க்கட்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது.
அவர் கட்சியில் பெரியப்பா இன்னும் கோபத்தில்,
ரொறன்ரோத் துளசிகாவுக்குப் பல்வலி தவிர வேறொன்றும் தோன்றவில்லை.
அக்காவின் உதடு 'ஊ' என்று குவிந்தது.
கண்டேன்.
பிறகு அவ நிமிர்ந்து ஃபானைப் பார்த்தா.

நாற்பது. ஐம்பது.
தட்டிக்கொண்டே நின்றார் அந்த மனிசன்.
ஐம்பத்தொன்பது.

ஒரு புள்ளியால் தோற்றார்கள்.

வெளிக்கிட்டுப் போனவர் படலையடியில் நின்று
எங்களைப் பார்த்துக் கையால் என்னவோ காட்டினார்.
"மழை வரப்போகுதாம்" என்றேன்.
"படலையைப் பூட்டட்டாம்" என்றா அம்மா.
"திறப்பு" என்றா அக்கா, குசினி யன்னலால் பார்த்து.

பிறிட்ஜுக்கு மேலே கிடந்ததை எடுத்துக்கொண்டு
அம்மாவின் செருப்பைக் கொழுவியபடி இறங்கிப் போனா.

திரும்பி வர எவ்வளவு எடுத்தா என்று கேட்காதேயுங்கோ.
அதைப் பிடிக்கச் சொல்லி
ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை.